வட்டத்தின் நடுவில் ஓர் அடுப்பு

சாத்தங்கரை,
கீழ்வேளூர் வழி.
4-4-1971

அன்புள்ள தியாகுவுக்கு அண்ணி அம்சவல்லி ஆசிகளுடன் எழுதுவது.

என் வயதுக்கு உரிய சௌக்கியத்துடன் இருக்கிறேன். படியேறும்போது மட்டும் வலது முழங்கால் முனகுகிறது. உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? காபியில் சீனியை விட்டுவிட்டாய் என்று விசாலம் எழுதியிருந்தாள். அல்வாவை விட்டாயா என்று எழுதவில்லை.

தேர்தல் முடிந்து உன் கட்சிக்காரர்கள் மறுபடியும் கோட்டைக்குப் போய்விட்டார்கள். உன் கட்சி என்று எழுதவே பேனா தயங்குகிறது. நீ கதரைக் கழற்றிக் கரைவேட்டி கட்டி நான்கு வருஷந்தானே ஆகிறது. அது கிடக்கட்டும். விஷயத்துக்கு வருகிறேன்.

நான் படித்த கான்வென்டுக்கு வரும் ஜூனில் எழுபத்தைந்து வயது. பழைய மாணவிகளில் உயிரோடும் நினைவோடும் இருப்பவர்களில் மூத்தவள் நான். அதனால் என்னை ஒரு நாடகம் போடச் சொன்னார்கள். சிறுமிகள் காகித இறக்கை கட்டிக்கொண்டு வரும் நாடகம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள், கிரேக்க முறையில் ஒரு துன்பியல் நாடகத்தை நானே தமிழில் எழுதிப் போடுகிறேன் என்றேன். தலைமை சிஸ்டருக்கு முகம் வாடிவிட்டது. ஆனாலும் சரி என்றார்.

எங்களுக்கு மதர் அகத்தா இதையெல்லாம் கணக்குப் பாடம் போலக் கற்பித்தார். நடிகர்கள் மூன்று பேர்தான், எத்தனை பாத்திரம் இருந்தாலும் முகமூடியை மாற்றிக்கொண்டு அவர்களே வர வேண்டும். ஊராராக ஒரு கோரஸ் கூடவே இருந்து ஆடியும் பாடியும் கேள்வி கேட்டும் வரும். கதை ஒரே நாளில், ஒரே இடத்தில் முடியும். சாவு பார்ப்பவர் கண்ணுக்கு வெளியே நடக்கும். தூதன் ஒருவன் வந்து நடந்ததைச் சொல்வான். அவன் சொல்லி முடிக்கும்வரை யாரும் அசையக் கூடாது.

கதை இது. ஓர் அரசன் கோயில் குளத்தை நிரப்பத் திருவிழாவுக்காக ஆற்றின் மதகைப் பத்து நாள் அடைக்கிறான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கீழ்மடையில் தண்ணீர்ச் சண்டை மூள்கிறது. அங்கே வாழ்க்கைப்பட்டிருந்த அவன் மகளே விலக்கிவிடப் போய் இறக்கிறாள்.

இடந்தான் சிக்கல். பள்ளி ஹால் ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கிறது, முன்னால் வெல்வெட் திரை வேறு. கிரேக்கருக்குத் திரை கிடையாது. எனக்கு வட்டம் வேண்டும்.

உன் போன கடிதத்திலும் தேதி இல்லை. வக்கீல் தொழில் செய்கிறவன் இப்படி இருக்கலாமா? தபால் முத்திரையைப் பார்த்து நான்தான் பென்சிலால் குறித்து வைத்தேன். நான் எழுதுவதற்கெல்லாம் கார்பன் பிரதி வைத்திருக்கிறேன். கான்வென்ட் பழக்கம்.

விசாலத்துக்கும் குழந்தைகளுக்கும் ஆசி.
அண்ணி


(தேதி இல்லை. தபால் முத்திரை: சென்னை-17, 19-4-71)

அண்ணி அவர்களுக்குத் தியாகராசனின் பணிவான வணக்கங்கள்.

நாங்கள் எல்லோரும் நலம். அல்வா விஷயத்தில் விசாலம் உங்களுக்கு உளவாளி என்று இப்போதுதான் தெரிகிறது. உங்கள் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன்.

வட்டம் தேடுகிறீர்கள். நம் ரோட்டோரக் களத்தை எப்படி மறந்தீர்கள்? எனக்கு ஒன்பது வயதில், களத்தில் மாடுகள் பிணையல் சுற்றுவதைக் காட்டி நீங்கள்தானே சொன்னீர்கள், கிரேக்கரின் ஆடுகளமே முதலில் போரடித்த களமாகத்தான் இருந்திருக்கும் என்று? கோடையில் அது சும்மாதான் கிடக்கிறது. கான்வென்ட் பெண்களை பஸ்ஸில் அழைத்து வந்துவிடலாம். ஆகிற செலவு என் பொறுப்பு.

ஒரே குறை, ஓரத்தில் இருக்கும் காத்தானின் குடிசை. அது நின்றால் காட்சி கெடும். கொஞ்ச நாளைக்குப் பிரித்து வைத்தால் என்ன? அவர்கள் அங்கே எவ்வளவு காலமாக இருக்கிறார்கள்? அண்ணா ஏதாவது எழுத்தில் கொடுத்திருந்தாரா? சும்மா தெரிந்துகொள்ளத்தான். கோட்டையில் ஏதேதோ பேசிக்கொள்கிறார்கள், அது உங்களுக்கு எதற்கு? நீங்கள் நாடகத்தைப் பாருங்கள். நான் அவசியம் வருவேன்.

தங்கள் அன்புள்ள,
தியாகு


சாத்தங்கரை,
2-5-1971

அன்புள்ள தியாகுவுக்கு ஆசிகள்.

தைலம் வந்தது. வாசனை நன்றாக இருக்கிறது, முழங்காலுக்கு அது தெரியவில்லை. விசாலத்தின் பல்வலி தேவலையா?

ஒன்பது வயதில் கேட்டதை நீ நினைவில் வைத்திருந்தது எனக்குப் பெரிய சந்தோஷம். உன் யோசனைதான் சரி. நேற்று களத்துக்குப் போய் முளை அடித்து, முப்பது அடிக் கயிற்றைக் கட்டி வட்டம் போட்டுப் பார்த்தேன். மேற்கே பள்ளம், தெற்கே ரோடு. மட்டமான வட்டம் ஓர் இடத்தில்தான் விழுகிறது. முளையை எங்கே அடித்தேன் தெரியுமா? காத்தான் பெண்சாதி பொன்னுத்தாயின் மண் அடுப்புக்குப் பக்கத்தில். கிரேக்கர் வட்டத்தின் நடுவே ஒரு பலிபீடம் வைத்திருந்தார்கள். எனக்கு அதைக் கட்டும் வேலை மிச்சம். அடுப்பு இருக்கட்டும். குடிசை பாதி வட்டத்துக்குள் வருகிறது. அதைப் பிரித்தே ஆக வேண்டும்.

நீ கேட்டதற்குப் பதில்: முப்பத்தொரு வருஷம். காத்தானின் அப்பனைக் களத்துக் காவலுக்கு உன் அண்ணா குடிவைத்தார். எழுத்தில் எதுவும் இல்லை.

பொன்னுத்தாயிடம் நானே பேசினேன்.

"குடிசையப் பிரிச்சா எங்க போயி முடங்குறது ஆச்சி?"

"வாய்க்கா கரையில வைக்கோல் கொட்டகை இருக்குல்ல. பத்து நாளுதான்."

"பத்து நாளுன்னா பத்து நாளுதானே?"

"நான் உங்கிட்ட எப்பவாவது பொய் சொல்லியிருக்கேனா?"

"நீங்க சொன்னதில்ல. ஒங்க வீட்டுல நீங்க மட்டுமா இருக்கீங்க?"

வாய் அதிகம் அவளுக்கு. ஆனால் அந்த வாய்தான் எனக்கு வேண்டியிருக்கிறது. கான்வென்ட் பெண்களைக் கோரஸாக நடக்கவிட்டுப் பார்த்தேன். டிரில் வகுப்பு மாதிரி இருக்கிறது. நடவு வயலில் பதினைந்து பெண்கள் யாரும் சொல்லாமலே ஒரே அடியாகப் பின்னால் நகர்வதை நாற்பத்தைந்து வருஷமாகப் பார்க்கிறேன். கோரஸ் அதுதான். பொன்னுத்தாயைத் தலைவியாக வைத்துப் பதினைந்து பேரைச் சேர்த்துவிட்டேன்.

"நட்டா கூலி உண்டு. நடிச்சா?" என்றாள்.

"அதே கூலி."

"குனிய வேண்டாமில்ல? அப்ப சரி."

அண்ணி


(தேதி இல்லை. தபால் முத்திரை: 14-5-71)

அண்ணி அவர்களுக்கு வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். விசாலத்தின் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது.

வட்டம் கிடைத்ததில் மகிழ்ச்சி. காரியஸ்தர் துரைக்கண்ணுவுக்கு எழுதிவிட்டேன். குடிசையை அவரே ஆள்விட்டுப் பிரித்து மூங்கிலையும் கீற்றையும் பத்திரப்படுத்துவார். ஜூன் முதல் வாரமே பிரித்துவிட்டால் ஒத்திகைக்கு வசதி. அந்த மாதம் முடியும்வரை அந்த இடத்தில் கூரை எதுவும் எழும்பாமல் இருப்பது நல்லது. காட்சிக்காகச் சொல்கிறேன்.

நாகையிலிருந்து போட்டோகிராபர் ஒருவரையும் ஏற்பாடு செய்திருக்கிறேன். இப்படி ஒரு நாடகத்துக்குப் பதிவு இருக்க வேண்டும்.

ஒரு சின்ன விஷயம். அந்த ஜனங்களுக்கு எழுத்தில் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். காலம் சரியில்லை.

தியாகு


சாத்தங்கரை,
9-6-1971

அன்புள்ள தியாகுவுக்கு ஆசிகள்.

சுகமே. நாள் முழுக்க நிற்பதால் காலில் வீக்கம். இராத்திரி வெந்நீர் ஒத்தடம். உனக்கு ரத்தம் பரிசோதிக்கும் நாள் தள்ளிப்போகிறது என்று விசாலம் எழுதியிருக்கிறாள். தள்ளிப்போடாதே.

குடிசையை ஏழாம் தேதி பிரித்தார்கள். துரைக்கண்ணு கடப்பாறையோடு வந்து அடுப்பிலும் கைவைக்கப் போனார்.

"ஐயா மொத்தமா சுத்தம் பண்ணச் சொல்லியிருக்காங்கம்மா, அடுப்போட."

"நாடகம் போடறது ஐயாவா, நானா? கடப்பாறையைக் கீழ வையுங்க."

வைத்தார். முறைத்துக்கொண்டுதான். அந்த அடுப்பு இல்லையென்றால் என் வட்டத்துக்கு நடு ஏது?

பொன்னுத்தாய் குடும்பம் வைக்கோல் கொட்டகையில் படுக்கிறது. அங்கே தீ மூட்ட முடியாது என்பதால் காலையும் மாலையும் இங்கேயே வந்து சமைத்துவிட்டுப் போகிறாள். ஒத்திகையின் நடுவே கருவாட்டு வாசனை. அரசன் வேஷம் போடும் பெண் சைவம், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆணையிடுகிறாள்.

முகமூடிகள் ஆகிவிட்டன. பழைய செய்தித்தாளைப் புளியங்கொட்டைப் பசையில் ஊறவைத்துப் பானையின் மேல் ஒட்டி எடுத்தோம். பொன்னுத்தாயின் மகள் தங்கம்மாள் ஒன்பதாவது படிக்கிறாள், அவளுக்குக் கைவேலை வருகிறது. கிரேக்கர் பிணத்தைச் சக்கரம் வைத்த பலகையில் உருட்டிக்கொண்டு வந்து காட்டுவார்கள். நமக்குக் கட்டை வண்டி. கடவுளை ஆகாயத்திலிருந்து இறக்க அவர்களிடம் ஒரு பொறி இருந்தது. "நம்ம பழைய ஏத்தத்துல சாமியக் கட்டி எறக்கிடலாம்மா" என்று துரைக்கண்ணு ஆசைப்பட்டார். வேண்டாம் என்றேன். முடிச்சுப் போட்டவன் அவிழ்க்கத் தெரியாமல் சாமியைக் கூப்பிடுவது சோம்பேறித்தனம். கதையை முடிக்கப்போகிற பொருள் முதலிலேயே மேடையில் இருக்க வேண்டும்.

அரசன் வேஷக்காரி நேற்றுக் கேட்டாள், "அவ்வளவு நல்ல ராஜாவுக்கு மதகை அடைச்சா என்ன ஆகும்னு ஏன் டீச்சர் தெரியலை?" என்று. கெட்டவன் விழுந்தால் ஜனங்கள் கைதட்டுவார்கள். ஒரு தப்பும் செய்யாதவன் விழுந்தால் அழுவார்கள். நல்லவன் சரியென்று நினைத்துத் தன் கையாலேயே ஒரு பிழை செய்து விழும்போதுதான் பார்ப்பவர்களுக்குப் பயம் வரும். அவன் மனசெல்லாம் திருவிழாவில் இருந்தது, அதனால் தெரியவில்லை என்று சொன்னேன்.

நாடகம் 19-ஆம் தேதி சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. வந்துவிடு.

அண்ணி


சாத்தங்கரை,
23-6-1971

அன்புள்ள தியாகுவுக்கு ஆசிகள்.

கால் வீக்கம் வற்றிவிட்டது. நீ வரவில்லை. கோர்ட்டு வேலை என்று தந்தி வந்தது. முதல் வரிசையில் உனக்காகப் போட்ட நாற்காலியில் யாரையும் உட்காரவிடவில்லை.

நாடகம் நன்றாக நடந்தது என்று நானே சொல்லிக்கொள்கிறேன். வேறு யாருடைய அபிப்பிராயத்திலும் எனக்கு நம்பிக்கை இல்லை. கான்வென்டிலிருந்து மூன்று பஸ். ரோட்டுப் பக்கம் ஊர் முழுக்க நின்றது. மேற்கே மேகம் கட்டிக்கொண்டு வந்தது, பெய்யவில்லை. கோரஸ் வரிசையாக வந்து வட்டத்தைச் சுற்றி நகர்ந்தபோது கான்வென்ட் சிஸ்டர்கள் பேச்சை நிறுத்தினார்கள். தூதன் வந்து கீழ்மடையில் நடந்ததைச் சொன்னான். நெஞ்சில் அடித்துக்கொள்ளாமல், கூச்சல் போடாமல், யார் முதலில் மண்வெட்டியை ஓங்கியது, அந்தப் பெண் எந்த வரப்பில் விழுந்தாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். கோரஸ் பெண்கள் உண்மையாகவே அழுதார்கள். நான் அழச் சொல்லவில்லை. நமக்குக் கிழக்கே இரண்டரை வருஷத்துக்கு முன் கூலித் தகராறில் அத்தனை பேரைக் குடிசையோடு எரித்ததை அவர்களும் மறக்கவில்லை, ரோட்டில் நின்றவர்களும் மறக்கவில்லை.

பிறகு பொன்னுத்தாய் சொன்னாள்: "செத்தத காட்டியிருந்தா பொம்மைன்னு தெரிஞ்சிருக்கும் ஆச்சி. சொன்னீங்க பாருங்க, அதான் தாங்கல."

ஒரு குறை. பலிபீடத்தில் தீ மட்டும் எரிய வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். நாடகம் தொடங்கிய பிறகு பார்க்கிறேன், அடுப்பின் மேல் சோற்றுப்பானை. முடிந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"எரியிற அடுப்ப சும்மா விடுறதா ஆச்சி? வூட்டுல பசியாறணுமில்ல?"

"வீடு எங்கடி இங்க இருக்கு?"

"அடுப்பு இருக்குல்ல."

போட்டோவில் எல்லாம் பானையோடு விழுந்திருக்கும். மதர் அகத்தா பார்த்தால் என்னை முட்டி போட வைத்திருப்பார்.

இருபத்தொன்றாம் தேதி குடிசையை மறுபடி போடச் சொன்னேன். "சின்னய்யா உத்தரவு வரட்டும்" என்கிறார் துரைக்கண்ணு. இதற்கு உத்தரவு எதற்கு? உடனே எழுது.

அண்ணி


(தேதி இல்லை. தபால் முத்திரை: 5-7-71)

அண்ணி அவர்களுக்கு வணக்கம்.

வர முடியாமல் போனதில் எனக்குத்தான் நஷ்டம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஸ்டுடியோக்காரர் படங்களை நேரே உங்களுக்கே அனுப்பிவிட்டதாகச் சொன்னார். நான் வரும்போது பார்த்துக்கொள்கிறேன்.

நாடகத்தின் புகழ் இங்கே வரை வந்துவிட்டது. ஆகஸ்டில் கலெக்டர் முன்னிலையில் இன்னொரு முறை நடத்தலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறேன். அதுவரை களம் அப்படியே இருக்கட்டும். போட்டுப் பிரித்துப் போட்டுப் பிரிப்பானேன்? கொட்டகையில் அவர்களுக்கு என்ன குறை?

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.
தியாகு


சாத்தங்கரை,
20-7-1971

அன்புள்ள தியாகுவுக்கு ஆசிகள். இங்கே சுகம். அங்கே சுகமா?

பத்து நாள் என்று சொன்னேன். இன்றோடு நாற்பத்து மூன்று நாள் ஆகிறது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. கொட்டகைக்குள் ஈரம். கலெக்டர் எந்தத் தேதியில் வருகிறார் என்று எழுது. அதற்கு ஒரு வாரம் முன்னால் நானே மறுபடி பிரிக்கச் சொல்லிக்கொள்கிறேன். இப்போது போட்டாக வேண்டும்.

அண்ணி


சாத்தங்கரை,
16-8-1971

தியாகுவுக்கு ஆசிகள்.

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? விசாலமும் எழுதவில்லை. துரைக்கண்ணு மூங்கில் உளுத்துவிட்டது என்கிறார். முந்தாநாள் களத்தில் இரண்டு பேர் சங்கிலி பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். ரைஸ் மில்லுக்கு என்றார்கள். யாருடைய ரைஸ் மில்?

அண்ணி


சாத்தங்கரை,
2-9-71

கும்புடுறேன் ஆச்சி. பொன்னுத்தாய் சொல்ல மக தங்கம்மா எழுதுறேன்.

ஒங்க காலு எப்புடி இருக்கு? நாங்க இருக்கோம். இவ அப்பாவுக்கு ஈரத்துல இருமல் வந்து நாகப்பட்டினம் ஆசுபத்திரில நாலு நாள் கெடந்து இப்ப தேவல.

ஒரே ஊருல இருந்துகிட்டு தபால் போடுறாளேன்னு நெனைக்காதீங்க. ஒங்க வாசலுக்கு மூணு தடவ வந்தேன். மூணு தடவயும் நீங்க தூங்குறீங்கன்னு காரியஸ்தர் அனுப்பிட்டாரு. தபால்காரரு ஒங்க கையிலதான் குடுப்பாருன்னு இவ சொன்னா.

குடியிருக்குற மனைய குடியிருக்குறவங்களுக்கே எழுதிக் குடுக்க அரசாங்கத்துல சட்டம் வந்துருக்கு. வெவசாயக் கூலி சங்கத்துல சொல்லி மனுப் போட்டோம். ஜூன் 19 அன்னிக்கு யாரு எங்க குடியிருந்தாங்களோ அவங்களுக்கு அந்த எடமாம். அன்னிக்கு அந்த எடத்துல குடிசையே இல்லன்னு காரியஸ்தர் எழுதிக் குடுத்துருக்காரு. அது பொய்யும் இல்ல ஆச்சி. இல்லதான. அன்னிக்கு நாங்க அந்த எடத்துல ஒங்க நாடகமில்ல ஆடுனோம்.

அவங்கள வெச்சே ஆடவுட்டு அவங்க எடத்த எடுத்துகிட்டாங்கன்னு கடத்தெருவுல சிரிக்கிறாங்க. நான் அப்புடி நெனைக்கல. நீங்க என்னா நெனைக்கிறீங்கன்னுதான் தெரியல. வர்ற 27-ந் தேதி களத்துக்கே தாசில்தார் வந்து விசாரிக்கிறாரு. எங்களுக்காவ பேசுங்கன்னு கேக்கல. நடந்தத சொல்லுங்க. ஒங்க நாடகத்துல ஒருத்தன் வந்து சொல்லுவானே, அது மாதிரி.

(அம்மா சொன்னது இவ்வளவுதான். முகமூடிகளை எலி கடிக்காமல் வைத்திருக்கிறேன். தங்கம்மாள்.)


சாத்தங்கரை,
6-9-1971

அன்புள்ள தியாகுவுக்கு ஆசிகள்.

நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுத முடியவில்லை. முழங்காலில் ஒன்றும் இல்லை.

உன் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். ஏப்ரல் 19: எழுத்தில் ஏதாவது கொடுத்திருக்கிறதா என்று கேட்கிறாய். மே 14: அந்த மாதம் முடியும்வரை கூரை எழும்பக் கூடாது என்கிறாய். ஜூலை 5: வராத கலெக்டருக்காகக் களம் அப்படியே இருக்கட்டும் என்கிறாய். ஒன்றிலும் தேதி இல்லை. நீ மறதிக்காரன் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

ஒன்றுதான் கேட்கிறேன். களத்தைப் பற்றி எழுதினாயே, ஒன்பது வயதில் நான் சொன்னதாக, அது உனக்கு உண்மையிலேயே நினைவிருந்ததா? இல்லை, கிழவிக்கு எதைச் சொன்னால் மனசு இளகும் என்று யோசித்து எழுதினாயா?

நான் பகலில் தூங்குவதில்லை. இது துரைக்கண்ணுவுக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

அண்ணி


(தேதி இல்லை. தபால் முத்திரை: 15-9-71)

அண்ணி அவர்களுக்கு வணக்கம்.

உண்மையிலேயே நினைவிருந்தது. அதை நீங்கள் நம்ப வேண்டும்.

மற்றதைப் பற்றி: நான் செய்தது குடும்பத்துக்காக. நில உச்சவரம்புச் சட்டத்தில் போனது போக மிச்சம் இருக்கும் ரோட்டோர நிலம் அது ஒன்றுதான். நமக்குப் பின்னால் பிள்ளைகள் எதை வைத்துப் பிழைப்பார்கள்? அவர்களுக்கு வேறு இடத்தில் நானே மனை தருவேன்.

இன்னொன்றையும் யோசியுங்கள். குடிசையைப் பிரிக்கச் சொன்னது யார்? பொன்னுத்தாயிடம் பேசியது யார்? விசாரணைக்குப் போனால் உங்கள் வாயாலேயே அதைச் சொல்ல வேண்டிவரும், அதுவும் ஊர் நடுவில், சங்கத்துக்காரர்கள் முன்னால். சாத்தங்கரைப் பெரிய வீட்டு அம்மாள் நாடகம் போட்டுக் குடிசையைக் கலைத்தாள் என்று பேசுவார்கள். உங்களுக்கு அது தேவையா? நீங்கள் பொய் சொல்ல வேண்டாம். அன்று வீட்டுக்குள் இருந்தால் போதும்.

உங்கள் உடம்புதான் எனக்கு முக்கியம்.
தியாகு


சாத்தங்கரை,
17-10-1971

அன்புள்ள தியாகுவுக்கு அண்ணியின் ஆசிகள்.

நலமாக இருக்கிறேன். ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. விசாலம் எழுதியிருந்தாள், உனக்குச் சர்க்கரை ஏறியிருப்பதாக. இரவில் சோற்றை நிறுத்து.

போன மாதம் 27-ஆம் தேதி நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தாசில்தார் பதினொரு மணிக்கு ஜீப்பில் வந்தார். சின்ன வயது, பொறுமைசாலி. நாடகத்துக்குப் போட்ட வட்டம் புல்லுக்கு நடுவே இன்னும் தெரிந்தது. வட்டத்தின் ஒரு பக்கம் துரைக்கண்ணுவும் நிலக்காரர் சங்கத்தைச் சேர்ந்த நான்கு பேரும். மறுபக்கம் காத்தானும் பொன்னுத்தாயும், பின்னால் என் கோரஸ் பதினைந்து பேரும். நான் வீட்டிலிருந்து நடந்தே போனேன். யாரும் எனக்கு வழிவிடவில்லை, நானாகத்தான் விலக்கிக்கொண்டு போனேன்.

"ஜூன் 19-ந் தேதி இங்க குடிசை இருந்ததாம்மா?" என்று கேட்டார்.

"இல்லை."

காத்தான் பக்கம் நின்ற கூலிச் சங்கத்துக்காரன் ஒருவன் சிரித்தான். "அதான் பெரிய வூடு" என்றான். எனக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னான்.

"ஏன் இல்லை?"

"நான் பிரிக்கச் சொன்னேன். பத்து நாளில் திரும்பப் போட்டுத் தருகிறேன் என்று இவளிடம் வாக்குக் கொடுத்தேன். என் நாடகத்துக்கு இடம் வேண்டியிருந்தது. அதற்குப் பின்னால் வேறு காரணம் இருந்தது எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை."

இதைச் சொல்ல நான் பயந்திருந்தேன், தியாகு. மூன்று வாரமாகப் பயந்தேன். சொல்லி முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. சிரித்தவன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். கெஞ்சாமலும் கூச்சல் போடாமலும் நடந்ததை வரிசையாகச் சொன்னேன்: யார் எழுதியது, எப்போது, யார் கடப்பாறை கொண்டுவந்தது, யார் உத்தரவுக்குக் காத்திருந்தது. உன் கடிதங்களையும் என் கார்பன் பிரதிகளையும் ஒரே கட்டாகக் கொடுத்தேன்.

தாசில்தார் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "நடந்தது புரியுதும்மா. ஆனா அன்னைக்கு அவங்க இங்க குடியிருந்தாங்கன்னு நான் எழுதணும். எதை வெச்சு எழுதறது?"

அப்போதுதான் எனக்கே தோன்றியது. தங்கம்மாளை ஓடவிட்டு வீட்டிலிருந்து போட்டோக்களை எடுத்துவரச் சொன்னேன். நீ ஏற்பாடு செய்த போட்டோகிராபர் கெட்டிக்காரர். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஸ்டுடியோ முத்திரை, தேதி 19-6-71. முன்னால் அரசன், கோரஸ், கட்டை வண்டி. நடுவில் அடுப்பு, எரிகிற தீ, சோற்றுப்பானை. பொன்னுத்தாய் ஒரு படத்தில் முகமூடியைத் தலைமேல் தூக்கிவிட்டுக்கொண்டு பானையைக் கிண்டிக்கொண்டிருக்கிறாள். நாடகத்தின் நடுவில்! அதை நான் அன்று பார்த்திருந்தால் மேடையிலேயே திட்டியிருப்பேன்.

தாசில்தார் படத்தைத் துரைக்கண்ணுவிடம் காட்டினார்.

"இது யார் அடுப்பு?"

"பொன்னுத்தா அடுப்புங்க."

"அன்னைக்கு மட்டும் பொங்கினாங்களா?"

துரைக்கண்ணு என்னைப் பார்த்தார். "தெனம் பொங்குறதுதாங்க" என்றார். முப்பது வருஷம் நம் உப்பைத் தின்ற மனிதர், என் முகத்துக்கு எதிரே பொய் சொல்ல வரவில்லை. அவரை ஒன்றும் சொல்லாதே.

போன வாரம் உத்தரவு வந்தது. கூரையைப் பிரித்ததால் குடியிருப்புக் கலையவில்லை, அடுப்பு அணையாமல் இருந்திருக்கிறது என்று அந்தப் பையன் அழகாக எழுதியிருக்கிறான். மனை காத்தான் பேருக்கு. புது மூங்கில் நான் வாங்கிக் கொடுத்தேன். பொன்னுத்தாய் வாங்கிக்கொண்டாள், ஆனால் எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினாள். குடிசை எழும்பிவிட்டது. என் வட்டம் போய்விட்டது.

ஆகாயத்திலிருந்து யாரும் இறங்கி வரவில்லை என்பதில் மட்டும் எனக்குத் திருப்தி. கதையை முடித்த பொருள் முதல் காட்சியிலிருந்தே நடுவில் இருந்தது. நான்தான் அதைப் பலிபீடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் நாற்காலியை இன்னும் தாழ்வாரத்தில்தான் போட்டிருக்கிறேன். நீ அனுப்பிய பாகப்பிரிவினை நோட்டீஸும் கிடைத்தது. படித்தேன். தேதி போட்டிருந்தாய்.

சர்க்கரையைக் கவனித்துக்கொள்.

அண்ணி